மழை, காற்று, காது: ஆட்டத்தில் கேட்கும் விதி குழம்பினால் திருத்துவது எப்படி

கிளிநொச்சிப் பக்கம் நாங்கள் ஆறேழு பேர் வார இறுதியில் கூடி மேசை வேடமேற்பு ஆட்டம் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம், நடுவில் பகடை. எங்கள் கதை 1803இல் நடக்கிறது. வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் ஆட்கள், முல்லைத்தீவில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த கோட்டை, இடையில் காடும் குளமும். பெரும்பாலும் இருட்டில் நடக்கிற கதை என்பதால் கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை அதிகம். அதனால் கேட்கும் விதி எங்கெங்கே உடைகிறது என்று எங்களுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

உங்கள் மேசையில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். இரண்டாவது பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள். மற்றத் திருத்தங்கள் அதில் வரும் கணக்கை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

அறிகுறி 1: பக்கத்தில் வாள்சண்டை நடக்கிறது, ஒருவருக்கும் கேட்கவில்லை

தூரத்தை நேர்கணக்கில் கழிப்பதுதான் காரணம். 2000இல் வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற வேடமேற்பு ஆட்டத்தின் 3ஆம் பதிப்பை எடுத்துப் பாருங்கள். அதில் சாதாரணப் பேச்சைக் கேட்கும் கடினம், அதாவது பகடையில் எட்ட வேண்டிய எண், 0, சண்டைச் சத்தத்துக்கு -10, ஒவ்வொரு 10 அடி தூரத்துக்கும் 1 கூடும். 400 அடி, அதாவது ஏறத்தாழ 120 மீற்றர் தள்ளி ஒரு பெரிய சண்டை நடந்தால் கடினம் 30 ஆகிவிடும். தனித் தேர்ச்சி இல்லாத ஒருவர் இருபது முகப் பகடையில் 20 போட்டாலும் அது கேட்காது. எங்கள் ஊரில் 120 மீற்றர் என்பது நாலு வளவு தள்ளி. அங்கே இரண்டு பேர் வாய்த்தர்க்கப்பட்டாலே தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

ஒலி அப்படித் தேய்வதில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் குறையும். 10 மீற்றரிலிருந்து 20க்குப் போனால் எவ்வளவு இழப்போ, 100இலிருந்து 200க்குப் போனாலும் அவ்வளவுதான் இழப்பு. ஆகவே தூரத்தை 1, 2, 4, 8, 16, 32, 64, 128 மீற்றர் என்று எழுதி, ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 1 கழியுங்கள். 128 மீற்றருக்கு மொத்தம் 7தான் போகும். கர்ப்ஸ் (GURPS) என்ற இன்னொரு வேடமேற்பு ஆட்டத்தின் விதிகளில் கேட்கும் தூரம் இந்த முறையில்தான் அமைந்திருக்கிறது, அந்த இடத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அறிகுறி 2: மழை கொட்டுகிறது, ஆனாலும் கிசுகிசுப்புக் கேட்கிறது

இதுதான் தாய்ப் பிழை. பெரும்பாலான விதிகள் கேட்பவரின் காதுக்கு ஓர் எண் கொடுக்கின்றன, சத்தத்துக்கு ஓர் எண் கொடுக்கின்றன, சூழலின் இரைச்சலுக்கு மட்டும் எண் கொடுப்பதில்லை. 'நடத்துபவர் விரும்பினால் கொஞ்சம் கழிக்கலாம்' என்று விட்டுவிடுகின்றன. ஆனால் ஒருவருக்கு ஒன்று கேட்குமா என்பதை முதலில் தீர்மானிப்பது இரைச்சல்தான். காது அதற்குப் பிறகு வருகிறது.

ஆகவே காட்சியைத் தொடங்கும்போதே, யாரும் பகடையைத் தொடுவதற்கு முன், இரைச்சல் எண்ணைச் சொல்லிவிடுங்கள். எங்கள் கணக்கில் ஒரு படி என்பது 6 டெசிபெல். ஒரு மீற்றரில் கிசுகிசுப்பு 6, சாதாரணப் பேச்சு 10, உரத்துக் கூப்பிடுவது 14, வாள்சண்டை 15, துவக்குச் சத்தம் 23. சருகில் சாதாரணமாக நடப்பது 7, காலை எடுத்து எடுத்து வைப்பது 5. அடுத்தது இரைச்சல். காற்றில்லாத காட்டு இரவு 4. பகலில் ஊர்மனை 7. மாரியில் தவளை கத்தும் வயல்வெளி 9. சந்தை 11. தகரக் கூரையில் கொட்டும் மழை 12. லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பக்கத்தால் போனால் 14. இவை எங்கள் மேசைக்காகச் சரிபண்ணிய எண்கள். உங்கள் ஊருக்கு ஒன்று கூட்டலாம், ஒன்று குறைக்கலாம்.

சத்தத்திலிருந்து தூரத்தைக் கழியுங்கள், பிறகு இரைச்சலைக் கழியுங்கள். மிஞ்சுவதை நாங்கள் 'இடைவெளி' என்கிறோம். இடைவெளி 2 அல்லது அதற்கு மேல் என்றால் பகடையே வேண்டாம், தெளிவாகக் கேட்கிறது. 1 அல்லது 0 என்றால் ஏதோ சத்தம் என்பது எல்லோருக்கும் தெரியும், என்ன சொல்லப்பட்டது என்று அறியத்தான் பகடை. -1 என்றால் சத்தம் இருப்பதையே உணர்வதற்குப் பகடை. அதற்குக் கீழே எவ்வளவு கூர்மையான காதாக இருந்தாலும் கேட்காது. பகடைக்கு நாங்கள் இரண்டு ஆறுமுகப் பகடைகளைப் போடுகிறோம். இடைவெளி 1 என்றால் 7 வேண்டும், 36க்கு 21 வாய்ப்பு. 0 அல்லது -1 என்றால் 9 வேண்டும், 36க்கு 10 வாய்ப்பு. காது கூரான பாத்திரத்துக்கு 1 கூட்டுவோம், 2க்கு மேல் கூட்டுவதில்லை.

சத்தம் இருப்பது தெரிவதும் சொல் விளங்குவதும் இரண்டு வேறு விசயம் என்பதை 3ஆம் பதிப்பின் 2003 திருத்தமும் (3.5) ஓரிடத்தில் ஒத்துக்கொள்கிறது. அதில் கிசுகிசுப்பு நடப்பதை அறிய 15 போதும், என்ன பேசுகிறார்கள் என்று அறிய அதைவிட 10 கூடுதலாக வேண்டும். நல்ல விதி, அதைப் பேச்சோடு நிறுத்தியதுதான் குறை. நீங்கள் எல்லாச் சத்தத்துக்கும் விரித்துவிடுங்கள்.

இரைச்சல் எண் காட்சி நடுவே மாறும் என்பதை மறக்க வேண்டாம், ஆட்டத்தின் ருசியே அங்கேதான் இருக்கிறது. இதை நான் ஒரு மாரிக்காலத்தில் கற்றுக்கொண்டேன். கரண்ட் இல்லை. விறாந்தையில் ஆட்டம் நடக்கிறது, பின்வளவில் ஜெனரேற்றர் ஓடுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தலையைச் சேர்த்து வைத்து இரகசியம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் சட்டென்று நின்றது. அந்த நொடியில் தம்பி ஒருவனின் குரல் விறாந்தை முழுக்க விழுந்தது: "அண்ணை, அந்தக் கணக்கப்பிள்ளைதான் ஒற்றன் எண்டு நினைக்கிறன்!" அவன் குரலை உயர்த்தினதே அவனுக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளைப் பாத்திரத்தை ஏற்றிருந்தவர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

இரைச்சலுக்குள் பேசுபவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார் 1911இல் எழுதி வைத்தார். அது அவர் பெயரால்தான் இன்றும் அறியப்படுகிறது. அதை விதியாக்குவது சுலபம். ஒருவரோடு ஒருவர் பேச வேண்டியிருந்தால் குரலின் படி இரைச்சலைவிட 1 கூடுதலாகத் தானே ஏறிவிடும், ஆனால் 14ஐத் தாண்டாது. இரைச்சல் திடீரென்று விழுந்தால் குரல் ஒரு மூச்சு நேரம் பழைய படியிலேயே நிற்கும். தகரக் கொட்டிலுக்குள் மழையில் திட்டம் தீட்டுகிறவர்களின் குரல் 13. மழை விட்டு இரைச்சல் 5க்கு இறங்கினால், 16 மீற்றரில் நிற்கும் காவலாளிக்கு இடைவெளி 4. ஒரு வசனம் அவர் காதில் முழுசாக விழும். எந்த வசனம் என்பதை ஆடுபவர்களே சொல்லட்டும்.

இன்னொன்று. மழை இரைச்சல் சருகுச் சத்தத்தையும் கிசுகிசுப்பையும் விழுங்கும், பறையை அவ்வளவு விழுங்காது. ஒலியின் தன்மை இரைச்சலின் தன்மையிலிருந்து நன்றாக வேறுபட்டால் சத்தத்துக்கு 1 கூட்டுங்கள். சந்தைக் கூட்டத்தில் சேமக்கலம் அப்படி. தன் பெயர் கூப்பிடப்படுவதும் அப்படி. கவனம் வேறெங்கோ இருந்தாலும் சொந்தப் பெயரைக் காது பிடித்துக்கொள்வதுண்டு என்பது 1959இலேயே சோதித்துக் காட்டப்பட்டது.

அறிகுறி 3: பதுங்கி வருகிறவனைப் பிடிக்க வழியே இல்லை

மேலே சொன்ன கணக்கைப் போட்டால் இந்தப் புகார் வரும். தவளை கத்தும் வயலில் இரைச்சல் 9. வரப்பால் மெல்ல வருகிறவன் 5. பக்கத்தில் வந்து நின்றாலும் இடைவெளி -4. கணக்கு சரி, ஆனால் காவல் கொட்டிலில் ஓர் இரவு படுத்தவர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

தவளைகள் ஓயும். அதுதான் விடை. ஆள் கிட்ட வந்தால் அந்த இடத்துத் தவளையும் சில்வண்டும் வாயை மூடிக்கொள்ளும். கொட்டிலில் இருப்பவருக்குக் காலடி கேட்காது, ஆனால் வடக்கு மூலையில் மட்டும் ஓர் ஓட்டை விழுந்ததுபோல இருக்கும். ஆகவே உயிர்களால் வரும் இரைச்சலுக்கு ஒரு சிறப்பு விதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அதற்குள் நடந்தால், அவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும், கேட்பவர் 9 போட்டால் 'அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது' என்று சொல்லுங்கள். ஆள் என்று சொல்ல வேண்டாம். பாம்பாகவும் இருக்கலாம். வந்தவர் அசையாமல் நின்றால் சிறிது நேரத்தில் தவளைகள் மறுபடி தொடங்கும், எண்ணும் பழையபடி ஏறும். மழைக்கும் கடலுக்கும் இந்த விதி பொருந்தாது.

ஆட்காட்டிக் குருவி இதற்கு நேர்மாறு. இரவிலும் எழுந்து கத்தும். குளக்கரையில், தரவையில் காட்சி வைத்தால் ஒரு பகடையை அதற்கென்று ஒதுக்குங்கள். 6 விழுந்தால் எழும்பிவிட்டது, சத்தம் 14. நாய்களும் அப்படித்தான். ஒன்று குரைத்தால் அடுத்த வளவு நாய்க்கு அதுதான் செய்தி.

அறிகுறி 4: ஐந்து பேராகப் போனால் எப்போதும் பிடிபடுகிறார்கள்

ஆளுக்கொரு பகடை உருட்டுவதால் வரும் கோளாறு. ஒவ்வொருவருக்கும் 70 வீதம் வாய்ப்பு இருந்தாலும் ஐந்து பேரும் தப்புவது 17 வீதம்தான். மறுபக்கத்தில் ஆறு காவலாளிகள் தனித்தனியே 9 தேடி உருட்டினால், ஒருவருக்காவது விழ 86 வீதம். இரண்டும் சேர்ந்தால் பதுங்குவது என்பதே ஆட்டத்தில் இல்லாமல் போய்விடும். எங்கள் பெடியங்கள் ஒரு கட்டத்தில் பதுங்குவதையே விட்டுவிட்டு முன்வாசலால் போகத் தொடங்கினார்கள். அவர்களில் பிழை இல்லை.

ஒலி சேர்வது நாம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரே அளவான இரண்டு சத்தம் சேர்ந்தால் 3 டெசிபெல்தான் கூடும். ஐந்து சேர்ந்தால் 7. எங்கள் கணக்கில் அது ஒரு படி. ஆகவே நாலைந்து பேருக்கு 1 கூட்டுங்கள், பதினைந்து இருபது பேருக்கு 2. கூட்டத்தில் மிக மோசமாக நடப்பவரின் எண்ணை எடுத்து அதன் மேல் கூட்டினால் போதும். காவலாளிகள் பக்கம் காது கூரான ஒருவர் மட்டும் உருட்டட்டும்.

அறிகுறி 5: சத்தம் கேட்டதும் ஆடுபவர் வரைபடத்தில் விரலை வைத்துவிடுகிறார்

கேட்டது என்றால் இருக்கும் இடம் தெரிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2019இல் வந்த பாத்ஃபைண்டர் என்ற வேடமேற்பு ஆட்டத்தின் 2ஆம் பதிப்பு இதை நன்றாகப் பிரித்திருக்கிறது. அங்கே கண் துல்லியமான புலன், காது துல்லியமில்லாத புலன். காதால் மட்டும் அறிந்தவர் இன்னும் ஒளிந்திருப்பவராகவே கணக்கு.

நாங்கள் இன்னும் ஒரு படி போனோம். ஒலி இரண்டு காதுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைப் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறது. முழுக்கப் பக்கவாட்டில் இருந்து வந்தால்கூட அந்த வித்தியாசம் ஒரு மில்லிசெக்கனுக்குக் குறைவு. நேர் முன்னால் இருந்து வந்தாலும் நேர் பின்னால் இருந்து வந்தாலும் வித்தியாசம் பூச்சியம். அதனால்தான் இருட்டில் முன்னும் பின்னும் குழம்புகிறது, தலையைத் திருப்பினால் தெளிகிறது. எங்கள் விதி: இடைவெளி 2 அல்லது அதற்கு மேல் என்றால் திசை தெரியும், தூரம் தெரியாது. 1 அல்லது 0 என்றால் இடமா வலமா என்று மட்டும் சொல்வோம். முன்னா பின்னா என்று அறிய வேண்டுமானால் நின்று தலையைத் திருப்ப வேண்டும், அதற்கு அவர் ஆடும் முறை ஒன்று செலவாகும்.

இந்த விதி எங்கள் மேசையில் இருக்கும் ஓர் அண்ணையால் வந்தது. சின்ன வயதில் பக்கத்தில் செல் (எறிகணை) விழுந்து இடது காது போய்விட்டது. அவர் எப்போதும் மேசையின் இடது அந்தத்தில்தான் இருப்பார், நல்ல காது எங்கள் பக்கம் வரும்படி. ஒருநாள் ஒரு பாத்திரத்துக்குக் காது அடிபட்டபோது, 'எல்லாக் கேட்கும் பகடையிலும் 4 கழியுங்கோ' என்று நான் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். "கேக்கிறது கேக்குதுதான் தம்பி. எங்கையிருந்து எண்டுதான் தெரியாது. நாலு பேர் சேர்ந்து கதைச்சால் ஒண்டும் பிடிபடாது." அன்றோடு 4 கழிப்பதை விட்டோம். ஒரு காது போனவருக்குத் திசை தெரியாது, அமைதியில் கேட்பது குறையாது, நல்ல காதின் பக்கம் இரைச்சல் இருந்தால் இரைச்சல் எண் 2 கூடும். விதிப் புத்தகம் எழுதுபவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து உடற்குறை ஒவ்வொன்றையும் வெறும் கழித்தல் எண்ணாக்காதீர்கள். உள்ளவர்களிடம் கேளுங்கள், விதி உடனே நன்றாகிவிடும்.

அறிகுறி 6: காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் ஒன்றுதான்

நிலத்துக்குப் பக்கத்தில் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி அதனால் மேல்நோக்கி வளைந்து கேட்பவரின் தலைக்கு மேலால் போய்விடும். காற்றோடு போகும் ஒலி கீழ்நோக்கி வளையும். ஆகவே 64 மீற்றருக்கு அப்பால், காற்றுக்கு எதிரே போகும் சத்தத்துக்கு 3 கழியுங்கள், காற்றோடு போவதற்கு 1 கூட்டுங்கள். பனங்கூடலுக்குள் காவோலை உரசும் அளவுக்குக் காற்று இருந்தால் இரைச்சலை 8 ஆக்குங்கள்.

எங்கள் கதையில் முல்லைத்தீவுக் கோட்டை மேல் பாயும் கட்டம் இந்த விதியில்தான் தொங்கியது. கோட்டை விழுந்தது 1803 ஓகஸ்டில். ஓகஸ்ட் என்றால் சோளகம், தென்மேற்கிலிருந்து வீசும். ஒட்டுசுட்டான் பக்கத்தால் காட்டுவழியே வருகிறவர்களுக்குக் காற்று முதுகில், அவர்களின் ஒவ்வொரு சத்தத்தையும் அது கோட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். கடற்கரைப் பக்கமாகச் சுற்றி வந்தால் கோட்டையின் பேச்சு இவர்களுக்குக் கேட்கும், இவர்களின் காலடி கோட்டைக்குப் போகாது. ஒருவர் கேட்டார், அலைச் சத்தத்தில் மறைந்து போகலாமே என்று. வாடைக்காலம் என்றால் சரி, அப்போது முல்லைத்தீவுக் கடல் இரைந்து அடிக்கும், கரையில் 12 போடலாம். சோளகத்தில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும், 8தான். ஒரு மணித்தியாலம் இதையே பேசினோம், ஆட்டத்தில் எனக்குப் பிடித்த மணித்தியாலம் அதுதான்.

காற்றில்லாத குளிர்ந்த இரவில் தண்ணீருக்கு மேலால் வரும் சத்தத்துக்கும் 1 கூட்டுங்கள். குளக்கட்டில் நின்று அக்கரைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சில்லறை அறிகுறிகள்

ஒவ்வொரு கதவிலும் 'காது கொடுத்துக் கேட்கிறேன்' என்கிறார்களா? டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் 1981 அடிப்படை விதியில் மனிதருக்கு 6க்கு 1 வாய்ப்பு என்று இருந்த காலத்திலிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது. இலவசமாகக் கேட்க விட வேண்டாம். நடந்துகொண்டே கேட்பவருக்குத் தன் காலடியே இரைச்சல், சருகில் அது 7. முழு இடைவெளி வேண்டுமென்றால் எல்லோரும் நின்று மூச்சை அடக்க வேண்டும்.

துவக்கு வெடித்த பிறகும் கிசுகிசுப்புக் கேட்கிறதா? பக்கத்தில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி முடியும் மட்டும் இரைச்சல் 10க்குக் கீழே போகாது.

யானை தூரத்திலேயே பிடிபடுகிறதா? பருமனைப் பார்த்துச் சத்த எண் போட்டிருப்பீர்கள். யானையின் பாதம் மெத்தைபோல, வெறும் மண்ணில் நடந்தால் 5 போதும். கொப்பு முறித்தால்தான் 13. தங்களுக்குள் அவை பேசும் அடிக்குரலில் பெரும்பங்கு மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வு, அதற்குப் பகடையே இல்லை.

திருத்திய பின் சோதனை

மூன்று கேள்வி போடுங்கள். அமைதியான இரவில் 128 மீற்றரில் வாள்சண்டை: 15இல் 7 போய், 4 போய், இடைவெளி 4. பகடை இல்லாமல் எல்லோருக்கும் கேட்க வேண்டும். தகரக் கூரை மழையில் 2 மீற்றரில் கிசுகிசுப்பு: 6இல் 1 போய், 12 போய், -7. யாருக்கும் கேட்கக் கூடாது. அதே அமைதியான இரவில் 16 மீற்றரில் ஐந்து பேர் சருகில் நடக்கிறார்கள்: 7உம் 1உம் 8, தூரத்துக்கு 4, இரைச்சலுக்கு 4, இடைவெளி 0. காவலாளி நிமிர்ந்து பார்ப்பார். ஆளா மாடா என்று அறிய அவருக்கு 9 விழ வேண்டும், இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மட்டும் தெரியும். இந்த இடத்தில் மேசை தானாக அமைதியாகிவிட்டால் உங்கள் எண்கள் சரி. ஆகாவிட்டால் இரைச்சல் எண்ணைத்தான் முதலில் தொட்டுப் பாருங்கள், காதின் எண்ணை அல்ல.